‘ஹண்ட்’டுக்கு எட்டுச் சொற்கள்

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ‘ஹண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையொட்டி எட்டுச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருளும் ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். தேடு, துரத்து, பின்தொடர், வளைத்துப் பிடி என்று நோட்டு நிரம்பிக்கொண்டிருந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், மகனுக்கு ஏழு வருடமாகப் பெண் தேடும் கதையை என் கணவரிடம் சொன்னார். கோழிப்பண்ணை இருக்கிறது, காடு தோட்டம் இருக்கிறது, பெண்தான் கிடைக்கவில்லை. பாலக்காடு வரை போய்ப் பார்த்துவிட்டார்களாம். பையனுக்கு முப்பத்தைந்து வயது.

அவர் கண் என் மகள்மேல் விழுந்தது.

“மொறையும் சரியாத்தான் இருக்குது தம்பி. அஞ்சு வருசம் போனா இவளுக்குப் பதினெட்டு ஆயிரும். இப்பவே பேசி வெச்சுக்கலாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட, “ஆகட்டுங்கக்கா, பாக்கலாமுங்க” என்று என் கணவர் சிரித்தாரே, பெற்ற தகப்பன்! காபி டம்ளரை நங்கென்று வைத்தேன். வாயைத் திறக்கத்தான் துணிவு வரவில்லை.

நாத்தனார் போனபின் நோட்டைப் பார்த்தேன். கடைசிச் சொல்லுக்குப் பொருள், ‘இரை’. ஆங்கில வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: “எனக்குப் பதிமூன்று வயது.”