முதலில் ஏற்றிய சாமிப் பெட்டி

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருபது வருடம் வாடகைக்கு இருந்த அம்மா, போன குளிர்காலம்தான் சொந்தமாக ஒரு வீடு வாங்கினா. பழைய வீட்டை விட்டு இரண்டு கிழமை கழித்துத்தான் புது வீட்டுக் கதவுத் திறப்பு கைக்குக் கிடைக்கும். அதுவரை சாமான் வைக்க ஒரு கொன்டெய்னர் பிடிப்பது என் வேலை. எல்லாம் தெரிந்த விண்ணன் மாதிரி ஐந்து நிமிடத்தில் போனிலேயே ஒன்றைப் பதிந்துவிட்டேன்.

"பக்கத்தாலையும் திறக்கிறது இருக்காம். அதைப் பாரன், தம்பி," என்றா அம்மா.

"எத்தினை கதவம்மா வேணும்? நாங்கள் என்ன கலியாண மண்டபமே எடுக்கிறம்?"

சாமிப் படங்களும் குத்துவிளக்கும் இருந்த பெட்டியை முதலில் ஏற்றச் சொன்னா. ஏற்றினேன். அதை மறைத்து வாசல் வரைக்கும் சோபா, மெத்தை, உடுப்புத் தோய்க்கிற மெஷின் எல்லாவற்றையும் அடுக்கினேன். புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியதும் அதே பெட்டிதான் என்பது என் மண்டையில் ஓடவேயில்லை.

குடிபுகும் நல்லநேரம் காலை ஒன்பதிலிருந்து பத்து. புது வீட்டடியில் கொண்டுவந்து இறக்கிய கொன்டெய்னரிலிருந்து நானும் என் கூட்டாளி ஒருத்தனும் கொட்டும் பனியில் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தோம். கதவு ஒன்று; பெட்டியோ கடைசி மூலையில். அதைத் தூக்கிக்கொண்டு மேலே வீட்டுக்கு ஓடியபோது பத்தரை. அம்மா பால் பானையோடு வெறும் குசினியில் அடுப்படியில் நின்றா.

"நேரம் போட்டுது. பரவாயில்லை, விளக்கைக் கொளுத்து."

ஏசியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். ஏன் நல்லநேரம் தப்பினது என்று சொந்தபந்தம் கேட்டபோதும், "அண்டைக்குச் சரியான பனி," என்று மட்டும்தான் சொன்னா.

இப்போது யாராவது கொன்டெய்னர் தேடினால், "மச்சான், எது முதல்ல இறங்கோணும் எண்டு யோசிச்சிட்டுக் கதவைப் பார்," என்கிறேன். அம்மாவின் சாமிப் பெட்டி இனி எங்கே போனாலும் என் மடியில்தான் போகும்.