காய்ச்சலுக்கு ஓதிய இலத்தீன்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு இலத்தீன் படி என்று என்னை யாரும் கெஞ்சவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, மேல்படிப்பில் அதுவும் ஒரு பாடமாக வந்து தொலைத்தது. ‘புவெல்லா’ என்றால் சிறுமி. சரி. ‘புவெல்லாய்’ என்றால் சிறுமியினுடைய, சிறுமிக்கு, சிறுமிகள், சிறுமிகளே, எல்லாமே அதுதானாம்! எது என்பதை வாக்கியத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமாம். வாக்கியம் புரியாமல்தானே ஐயா அகராதியைப் புரட்டுகிறேன்? ஆத்திரத்தில் விடியற்காலையில் சத்தம் போட்டே உருப்போடுவேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயத்தில் காம்பராச் சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் என் பாடம்.

ஒருநாள் காலை பக்கத்துக் காம்பராப் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

“டீச்சர், தெனமும் ஓதுறீங்களே, அதக் கொஞ்சம் ஓதி மந்திரிச்சு விடுங்க. காய்ச்சல் எறங்க மாட்டேங்குது.”

“ஐயோ, அது மந்திரம் இல்லீங்க, பாடம்! எப்ப இருந்து காய்ச்சல்?”

“ஞாயித்துக்கெழமையில இருந்து. கயிறு கட்டியாச்சு, துன்னூறும் போட்டாச்சு.”

“இவ்வளவு நாளா வச்சுக்கிட்டா இருந்தீங்க? டெங்குவா இருந்தா என்னா செய்வீங்க? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!”

“ஓதாம தூக்கிட்டுப் போனா வழியில ஏதாச்சும் ஆயிரும் டீச்சர்.”

கத்தினேன், கெஞ்சினேன். அவள் அசையவே இல்லை. பிள்ளைக்குக் கண் சொருகத் தொடங்கியது. வேறு வழி? அதன் தலையில் கைவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “புவெல்லா, புவெல்லாய், புவெல்லாய், புவெல்லம்...” என்று ஓதினேன். அதற்குப் பிறகுதான் த்ரீவீலில் ஏறினாள். மாத்தளை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஓதுவதை நிறுத்த விடவில்லை. த்ரீவீல்காரர் வேறு பயபக்தியோடு பாட்டை அணைத்துவிட்டார்.

டெங்குதான். இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை கைவிட்டுப் போயிருக்கும் என்று டொக்டர் ஏசினார். பிழைத்து வீடு வந்ததைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். தாயோ லயம் முழுக்க, “டீச்சர் ஓதினாங்க, புள்ள எழும்பிருச்சு” என்று சொல்லித் திரிந்தாள். இராப்பகலாய் சேலைன் ஏற்றிப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, முன்பின் தெரியாத ஒருத்தி நெருப்பாய்க் கொதிக்கும் மகனை மடியில் போட்டுக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். மாத்தளை டவுனிலிருந்தாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் பஸ் ஏறியிருக்கிறாள்.