ரேடியோவுக்கு முன்னால் இடித்த மிளகாய்

இலஞ்சியில் கோயிலுக்குப் போகிற வழியில் பேராச்சி மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் இடித்து விற்றுவந்தாள். புருஷன் செத்தபிறகு அவளாகப் போட்ட கடை. தென்காசிச் சந்தையில் வற்றலைக் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவாள். சாரல் பிடிப்பதற்குள் காயவைத்து டின்னில் அடைத்துவிடுவாள். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள்கூட விசாரித்துக்கொண்டு வந்து வாங்கிப்போவார்கள்.

அறுபத்துமூன்றாம் வருஷம் வைகாசியில் பஞ்சாயத்து ரேடியோவில் வாராவாரம் ஒரு நாடகம் வந்தது. ஊரே மைதானத்தில் உட்கார்ந்து கேட்டது. அதில் ஒரு பலசரக்குக் கடைக்காரன் செங்கல்லை இடித்து மிளகாய்ப்பொடியில் கலந்துவிட்டு, அடித்தொண்டையில் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு சண்முகசுந்தரி கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு கடைக்கு வந்தாள். வாங்கிய பொடியில் ஒரு சிட்டிகையை அதில் போட்டு, அடியில் என்ன தங்குகிறது என்று குனிந்து பார்த்தாள்.

“என்னட்டி பாக்கே?”

“ஒண்ணுமில்லக்கா. ரேடியோவுல சொன்னாவ, அதான் சும்மா…”

“கல்யாணமாகி வந்ததுலேர்ந்து எம் பொடியத்தான தின்னுதே? இந்நேரம் ஒன் வயித்துக்குள்ள ஒரு வீடே எழும்பியிருக்கணுமே!”

அவள் போனதும் இன்னொருத்தி தம்ளரோடு வந்தாள். தெருவில் போன ஒருவன் அந்தக் கடைக்காரன் மாதிரியே சிரித்துக் காட்டினான். பேராச்சி கடையைச் சாத்திவிட்டு, ரேடியோ போடுகிற நெல்லையப்பனைத் தேடிப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

“அந்தச் செங்கல்காரன் எங்கன கடை வச்சிருக்கான், தம்பி?”

“அது நாடகம்க்கா. கற்பனை.”

“அவன் கற்பனை. நான் நெசமால்லா இருக்கேன்? அதுல ஒரு யாவாரியாவது யோக்கியனா வாரானா?”

“யோக்கியன வச்சு என்னக்கா நாடகம் போட?” என்று அவன் சிரித்தான்.

இடித்து இடித்து இராத்தூக்கத்திலும் காந்துகிற தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

அடுத்த வாரம் நாடகம் தொடங்கிய நேரத்தில், மர உரலை உருட்டிவந்து ஒலிபெருக்கிக்குக் கீழே நிறுத்தினாள். வற்றலைக் கொட்டி, உலக்கையை ஓங்கினாள். நெடி மைதானம் முழுக்கப் பரவியது. முன்வரிசை தும்மியது, பின்வரிசை இருமியது. பஞ்சாயத்துத் தலைவர் தில்லைநாயகம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏ பேராச்சி, நிறுத்து!”

“எரியுதா அண்ணாச்சி? செங்கல்ல இடிச்சா இப்பிடி எரியுமா? எல்லார்ட்டயும் கேட்டுச் சொல்லுங்க!”

கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட்டம் கலைந்தோடியது. காலி மைதானத்தில் அந்தக் கடைக்காரன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மைதானத்துக்கு இனி உரல் வரக்கூடாது என்று தலைவர் கண்டித்துவிட்டுப் போனார். தம்ளரோடு வருவது நின்றது. சண்முகசுந்தரி முகம் பார்க்காமல் வாங்கிப்போனாள். பேராச்சியும் முகம் பார்க்காமலே நிறுத்துக் கொடுத்தாள். மனசு ஆறவில்லை.

ஆடியில் அந்த நாடகத்தில் பாலில் தண்ணீர் கலக்கிற ஒரு பால்காரன் வந்தான். மறுநாள் விடிந்ததும், தெருவுக்குப் பால் ஊற்றுகிற சுந்தரபாண்டியின் பால்கேனுக்குள் சண்முகசுந்தரி விரலை விட்டு வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாரலில் நனைந்தபடி, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். உலக்கையைப் போட்டுவிட்டுப் பேராச்சி தெருவில் இறங்கினாள்.

“ஏட்டி, கைய எடு! இவன் மாட்டப் போயிப் பாத்தியா, இல்ல ரேடியோவுலதான் கேட்டியா?”

“விடுங்கக்கா,” என்றான் சுந்தரபாண்டி மெதுவாக.

“நீ சும்மா கெட லே!” என்றாள் பேராச்சி.