சமையலறைக்குக் கீழே கிடந்த கடல்

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து புல்டோசர்காரருக்கு ஒரே வேலைதான். மழை மண்ணைச் சரித்து ரோட்டில் போடும். அவர் வழித்து ஓரமாகத் தள்ளுவார். அந்தப் பக்கம் மரம் மட்டை கிடையாது. சிவப்பும் சாம்பலும் வெள்ளையுமாய்ப் பட்டை பட்டையான களிமண் குன்றுகள், தலையில் பாறையைச் சுமந்து நிற்கும் மண் தூண்கள், அவ்வளவுதான். மண் தன் பேச்சைக் கேட்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில்தான் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டினார். குன்றிலிருந்து வரும் தண்ணீர் சமையலறைச் சுவரில் மோதாமல் ஒதுங்கி ஓடட்டும் என்று முழங்கால் ஆழத்துக்கு. மேலே இருந்த கெட்டித் தரையை உடைத்ததுதான் வினை. அடியில் பொலபொலவென்று களிமண். ஒரு மழையில் வாய்க்கால் ஆளுயரம் ஆனது. அடுத்த மழையில் பெரும் பள்ளமாகிச் சுவருக்கு ஓர் எட்டு தூரத்தில் வந்து நின்றது. கல் கொட்டிப் பார்த்தார். தண்ணீர் கல்லைச் சுற்றிப்போய் மண்ணைத் தின்றது.

மனைவியின் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். "ரோடு போடுற ஆளுன்னு பொண்ணு குடுத்தோம். நீங்க ஆறு வெட்டிட்டு இருக்கீங்களே மாப்ள."

முட்டுச்சுவர் எழுப்ப முடியுமா என்று பார்க்க, புல்டோசர்காரர் ஏணி வைத்துப் பள்ளத்தில் இறங்கினார். வெட்டுண்ட மண் முகத்துக்கு நேரே நின்றது. மேலே சாம்பல் பட்டை. அதற்குக் கீழே ஆற்றில் உருண்ட கூழாங்கற்கள். அப்புறம் சிவப்பு. இடுப்பளவில் வெள்ளை, அதில் நகத்தளவுச் சிப்பிகள், வாரி இறைத்த மாதிரி. கடலோ நாள்கணக்கில் பயணம் போனால்தான் கண்ணில் படும். இங்கே மனைவி டீ போடும் அடுப்புக்கு நேர் கீழே கிடக்கிறது. கடல் இருந்து, வற்றி, அதன் தலைமேல் ஆறு ஓடி, அதுவும் ஓய்ந்து, எல்லாம் இம்மி இம்மியாகப் படிந்திருக்கிறது. படிய எத்தனை காலமோ. கரைய ரெண்டு மழை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதையா இத்தனை வருஷம் குப்பை மாதிரி ஓரத்தில் தள்ளினோம்?

"என்னங்க, அடைச்சிரலாமா?" மேலிருந்து மனைவி கேட்டாள்.

"முடியாது. இறங்கி வந்து பாரு."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் ஒரு சிப்பியை நகத்தால் நோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "கடல் மேல உக்காந்தா பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்?" என்றாள், மெதுவாக.

மறுநாள் சமையலறையை அவரே பிரித்தார். கதவும் ஜன்னலும் வீட்டின் முன்பக்கம் புதிதாக எழுப்பும் சமையலறைக்குப் போயின. உத்தரத்தைச் சுமந்து வந்த அண்ணன், பள்ளம் அங்கேயும் வந்தால் என்ன செய்வதாம் என்று கேட்டார்.

"வரும் மச்சான்," என்றார் அவர். "நாமதான் தள்ளி உக்காரணும்."