பிரஸ் ஷாப்காரர்கள் போட்ட நாற்காலிகள்

நாற்காலி போடுவதில் எனக்கு அந்த நாட்களில் கொஞ்சம் திமிர் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் சேர்ந்திருந்தேன். மேலதிகாரிகளின் கூட்டம் என்றால் மேசைகளை ஒட்டிப் போட்டுச் சுற்றிலும் நாற்காலி. வெளியூர் விருந்தாளி என்றால் ‘ப’ வடிவம். தொழிலாளர்களுக்கு வகுப்பு என்றால் பள்ளிக்கூடம் மாதிரி நேர்வரிசை. ஒவ்வொரு நாற்காலியின் முன்காலும் தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் நிற்க வேண்டும். ஒரு விரல் தள்ளியிருந்தாலும் குனிந்து சரிசெய்வேன்.

“டிகிரி படிச்சது சேர் இழுக்கறதுக்காடி?” என்று அம்மா கேட்பாள். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நான். ஆறு மாதம் தற்காலிகம், அதன்பிறகு நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். நிரந்தரமாகாவிட்டால் அடுத்த முகூர்த்தத்திலேயே எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை யாரென்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

ஐந்தாவது மாதம், நாற்காலி போடுவதோடு வகுப்பையும் நானே எடுக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் இருபத்துநாலு பேருக்குப் பாதுகாப்பு வகுப்பு. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வளைக்கும் இடம் அது. அந்தக் கதவைத் திறந்தாலே நெஞ்சு அதிரும்.

காலை ஷிப்ட் முடிந்து மதியம் வந்தார்கள். நான் முப்பது நாற்காலி போட்டிருந்தேன். முதல் வரிசையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் திரைச்சீலையை இழுத்து, விளக்கை அணைத்து, ப்ரொஜெக்டரைப் போட்டேன். என் குரல் சின்னது. வீட்டில் கூடத்திலிருந்து கூப்பிட்டால் சமையலறைக்குக் கேட்காது. இருந்தாலும் தொண்டை வறள இரண்டு மணி நேரம் பேசினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் வைத்த பரீட்சையில் ஐந்து பேர்தான் தேறினார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொட்டிவிட்டேன். ‘தொழிலாளர்களிடம் கவனம் இல்லை. பின்வரிசையில் அமர்ந்து தூங்குகிறார்கள்’ என்று அறிக்கை எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, “சரிம்மா, அடுத்த வாரம் இதே ஆளுங்களுக்கு மறுபடி எடு. அப்பவும் இப்படியே ஆச்சுன்னா உன் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல நான் என்ன எழுதறது?” என்றார். கோபமில்லாமல் கேட்டார். 

அடுத்த வாரம் நான் போட்ட நாற்காலிகளை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சரியாக இருபத்துநாலு. பின்னால் ஒளிய இடம் கிடையாது. ஒவ்வொன்றின் முதுகிலும் அவரவர் டோக்கன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தேன். வந்தவர்கள் ஒட்டிய நம்பரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்கள். நானும் விளக்கை அணைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ப்ரொஜெக்டர் பல்பு பட்டென்று போய்விட்டது. மாற்று பல்பு இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது முதல் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்.

“மேடம், லைட்டு இப்படியே எரியட்டும். அணைச்சா நீங்க பேசுதது கேக்க மாட்டேங்கு.”

கிண்டல் செய்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். “லைட்டுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று வெடுக்கென்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த இருங்காட்டுக்கோட்டைக்காரர்தான் பதில் சொன்னார். “கலாய்க்கல மேடம். உள்ள மிஷின் ஓட்றப்ப யார் பேசறதும் கேக்காது. வாயைப் பாத்துகினு, கையைப் பாத்துகினுதான் எங்க பேச்சே. இப்ப வெளிய வந்தாலும் அப்படித்தான் ஆயிப்போச்சு. பாதிப் பேருக்குக் காதுக்குள்ள கொய்ய்னு சத்தம் ஓடிகினே கீது. போன வாரம் இருட்டுல உங்க மூஞ்சே தெரில. தெரிஞ்சாதான இன்னா சொல்றீங்கன்னு புரியும்?”

 தூங்குகிறார்கள் என்று எழுதினேனே! இருட்டில் என் வாயைத் தேடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களை.

“சேரைக் கொஞ்சம் நவுத்திக்கலாமா மேடம்?” என்று அவரே கேட்டார். தலையை ஆட்டினேன்.

அடுத்த இரண்டு நிமிஷம் நடந்ததை நான் மறக்கமாட்டேன். இருபத்துநாலு பேர், இருபத்துநாலு நாற்காலி; ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் இரண்டு விரலைக் காட்ட, மறுகோடியில் இருந்தவர் இரண்டடி பின்னால் போனார். இன்னொருவர் உள்ளங்கையைத் திருப்ப, மூன்று நாற்காலி சேர்ந்து திரும்பின. பிறை மாதிரி வளைத்து இரண்டு வரிசை போட்டார்கள். முன்னால் இருக்கும் இரண்டு பேரின் தலைக்கு நடுவே பின்னால் இருப்பவரின் முகம். திரைச்சீலையை விலக்கி, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து என்னை நிற்கச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கடைசி ஆள் மட்டும் உதட்டைப் பிதுக்கி, ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்து, அதன்பிறகு உயர்த்தினார். ஒரு நாற்காலிகூட டைல்ஸ் கோட்டில் இல்லை.

“போர்டைப் பாத்துப் பேசாதீய மேடம். எழுதிட்டு, திரும்பிட்டுப் பேசுங்க. மெதுவாப் பேசினாப் போதும்” என்றார் கோவில்பட்டிக்காரர்.

மெதுவாகப் பேசினேன். பள்ளியில், வீட்டில், எங்கே போனாலும் ‘சத்தமாப் பேசு’ என்று கேட்டே வளர்ந்தவள் நான். அன்றுதான் முதன்முறையாக என் குரல் எனக்குப் போதுமானதாக இருந்தது. கேள்விகள் வந்தன. நான் தப்பாகச் சொன்ன ஒன்றைத் திருத்தினார்கள். பரீட்சையில் இருபத்துநாலு பேரும் தேறினார்கள்.

போகும்போது கோவில்பட்டிக்காரர் வாசலில் நின்றார். “காது விஷயத்த வெளிய சொல்லிராதீய மேடம். அடுத்த மாசம் மெடிக்கல் செக்கப் வருது. ஊருக்கு அனுப்பிருவாக.” மற்றவர்களும் நின்றார்கள். சொல்லமாட்டேன் என்றேன்.

மறுநாள் மேனேஜர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “பரவால்லயே! அப்ப போன வாரம் அவங்க தூங்கினதுதான் பிரச்சனை. உன் ரிப்போர்ட் இருக்கட்டும். உனக்கு நல்லதுதான்.”

பேசாமல் இருந்திருந்தால் அடுத்த மாதமே நிரந்தரம். ஆனால் பொய்யான அந்தத் தாள் அவர்கள் பெயரில் ஃபைலில் கிடக்கும். உண்மைக் காரணத்தையும் சொல்ல முடியாது. அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார். அங்கேயே நின்று புதிதாக எழுதினேன்: ‘யாரும் தூங்கவில்லை. நாற்காலிகளைத் தவறாகப் போட்டது நான்.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். என்னவென்று கேட்பார் என்று பயந்தேன், கேட்கவில்லை. தற்காலிகத்தை மூன்று மாதம் நீட்டித்தார். வீட்டில் அம்மா ஜாதகக் கட்டை வெளியே எடுத்தாள்.

அந்த மூன்று மாதமும் எல்லா வகுப்புக்கும் பிறை வடிவம்தான். விளக்கை அணைக்கவே இல்லை. பயிற்சி அறை வாசலில் காதடைப்பான் டப்பா ஒன்றை வைத்து, போகிறவர் கையிலெல்லாம் திணித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் கேட்டதைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்று நேராக பிரஸ் ஷாப்புக்குப் போனேன். வாசலில் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று உறையைத் தூக்கிக் காட்டினேன். எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. காது அடைத்துப்போய்விட்டது. தூரத்தில் கோவில்பட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். காதில் நான் கொடுத்த ஆரஞ்சு அடைப்பான். பக்கத்து மிஷின்காரரிடம் விரலால் ஏதோ காட்டினார். அவர் அடுத்தவருக்குக் காட்டினார். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

அவர் என்னைப் பார்த்து நிதானமாக வாயசைத்தார்.

“நல்லா இருங்க மேடம்.”

அத்தனை இரைச்சலிலும் ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது.