ஒன்றுக்கு இரண்டே முக்கால்

ஃபௌசியாவுக்கு வேண்டியது அதிகமில்லை. சொந்த வீடு கேட்டு அழுததில்லை, நகைக்கு ஆசைப்பட்டதில்லை. ஊர் திரும்பிய இரண்டு வருடமாக அவள் மனசில் கிடந்து அரித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய ஓரகத்தி ஷமா, நாலு பேர் முன்னால், தன் வாயாலேயே, "இதெல்லாம் ஃபௌசியா அக்கா எழுதினது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியை வாங்க அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள். சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினாள்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் புரியும்.

ஃபௌசியாவின் கணவர் ஜியாவுதீன் ஏசி மெக்கானிக். மந்தாரக்குப்பத்தில் பிழைப்பு சரிப்படாமல் சவூதிக்குப் போனார். சவூதி என்றால் எல்லாரும் மணலையும் வெயிலையும்தான் நினைப்பார்கள். அவருக்குக் கிடைத்த ஊர் அப்ஹா, ஏழாயிரம் அடி உயரத்து மலை ஊர். குளிர்காலத்தில் பனி படியேறி வீட்டுக்குள் வரும். மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் குரங்குக் கூட்டம் இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாம் வருடம் ஃபௌசியாவையும் அழைத்துக்கொண்டார்.

போன முதல் நாள் அவள் சோறு வடித்தாள். வேகவில்லை. பருப்பு வேகவில்லை. கறி ரப்பர் மாதிரி கிடந்தது. தண்ணீர் என்னவோ தளதளவென்று கொதிக்கிறது, உள்ளே போட்டது மட்டும் அப்படியே இருக்கிறது. அடுப்பு முன்னால் நின்று அழுதுவிட்டாள். பக்கத்துக் குடியிருப்பில் மரியபுஷ்பம் என்று ஒரு நர்ஸ், கடலூர்க்காரி. அழுகைச் சத்தம் கேட்டு வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட, இதுக்கா அழுவுற? மலை மேல தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும்டி, ஆனா அதுல சூடு பத்தாது. தண்ணிய கூட வை, நேரத்தைக் கூட வை. நம்மூரு அளவெல்லாம் இங்க செல்லாது" என்றாள்.

அன்றிலிருந்து ஃபௌசியா ஒவ்வொன்றையும் புதிதாக அளந்து கற்றாள். சீரகச் சம்பா ஒரு டம்ளருக்குத் தண்ணீர் இரண்டே முக்கால் டம்ளர். ஆட்டுக்கறிக்கு ஒன்பது விசில். தம் ஐம்பது நிமிடம். எத்தனை சட்டியைத் தேய்த்து, எத்தனை பானைச் சோற்றைப் பூனைக்குப் போட்டுக் கண்டுபிடித்த அளவு தெரியுமா அது!

வெள்ளிக்கிழமை விடுமுறை. அப்ஹாவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள், நர்ஸுகள், தனியாளாக இருந்த டிரைவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சட்டியோடு ஒரு வீட்டில் கூடுவார்கள். நர்ஸுப் பெண்கள் ஒவ்வொரு வாரமும் அளவு கேட்டு நச்சரித்ததால்தான் ஃபௌசியா எழுதவே ஆரம்பித்தாள். 'வெள்ளிக்கிழமைச் சட்டி' என்று ஒரு பிளாக். ஒன்பது வருடம், நூற்றுப் பன்னிரண்டு சமையல். வெறும் அளவு மட்டுமில்லை, அன்று யார் வந்தார்கள், யாருக்கு விசா முடிந்தது, யார் ஊர் நினைப்பில் சாப்பிடாமல் எழுந்து போனார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவாள். படித்தவர்கள் எல்லாரும் அதே மலையில் சமைத்தவர்கள். அதனால் இது மலை அளவு என்று அவள் எங்கேயும் குறிப்பிடவில்லை. யாருக்காகக் குறிப்பிட வேண்டும்?

எழுதும்போதெல்லாம் குடும்ப வாட்ஸப்பில் லிங்க் போடுவாள். ஷமாவிடமிருந்து கட்டைவிரல் மட்டும் பதிலாக வரும். பாசத்தில் பார்க்கிறாள் என்று இந்தப் பைத்தியக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜியாவுதீனின் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்கு வந்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பிடித்தார்கள். கொழுந்தன் ரைஹான், ஷமாவின் கணவன், நெய்வேலி மைன்ஸில் பர்மனென்ட், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வாசம். வந்த முதல் வாரம் ஃபௌசியா கைப்பழக்கத்தில் மலை அளவிலேயே பிரியாணி போட்டுக் களியாகக் கிண்டிவிட்டாள். ஜியாவுதீன் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். விழவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மறுவாரமே அளவைத் திருத்திக்கொண்டாள்.

சிரிப்பு அதோடு சரி. பழைய பிளாக்கைத் தேடினால் அந்தத் தளமே மூடப்பட்டிருந்தது. ஒன்பது வருட எழுத்து ஒரு வரி மிச்சமில்லாமல் போயிருந்தது. அடுத்த வாரம் காய்கறிக் கடையில் ஒரு பெண் அவளிடம், "ஷமாஸ் கிச்சன் பாக்கிறீங்களா? உங்க ஓரகத்தியாமே! என்னமா எழுதறாங்க!" என்றாள்.

ஃபௌசியா போனில் திறந்து பார்த்தாள். இருபதாயிரம் பேர் பின்தொடரும் பக்கம். முதலில் கண்ணில் பட்டதே பிரியாணிதான். அதில் எழுதியிருந்தது: 'தம் போடும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், பனி உள்ளே வந்தால் பானை ஆறிவிடும்.' நெய்வேலியில், அதுவும் சித்திரை மாதத்தில், பனியாம்! எழுத்துக்கு எழுத்து அவள் எழுதியது. நூற்றுப் பன்னிரண்டும் அங்கே இருந்தது. மரியபுஷ்பம் விழுந்து விழுந்து சிரித்த கதைகூட 'என் தோழி ஒருத்தி' என்று இருந்தது. படத்தில் இருந்த பிரியாணி மட்டும் மந்தாரக்குப்பம் கடையில் வாங்கிப் பானையில் கொட்டியது. ஷமா அதில் ஒன்றைக்கூட அடுப்பில் ஏற்றிப் பார்த்ததில்லை. 'குழைஞ்சிடுச்சு அக்கா' என்று யாராவது எழுதினால், 'பழைய அரிசியா பாத்து வாங்குங்க சிஸ்டர்' என்று பதில் போட்டிருந்தாள்.

ஃபௌசியாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நேரே குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கேட்டாள். ஷமா சிரித்துக்கொண்டே, "நீங்கதான் இப்ப எழுதறதில்லையேக்கா, சும்மா கெடந்தது" என்றாள். ரைஹான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சமையல்ல என்னண்ணி என்னுது உன்னுதுன்னு? ஒரே குடும்பம்தானே" என்றான். ஆறிப்போன ஒரு டீயைக் குடிக்க வைத்து அனுப்பினார்கள். வெளியே யாரிடம் சொன்னாலும், "உங்க பிளாக் எங்கம்மா, காட்டுங்க" என்றார்கள். காட்ட ஏது?

அன்று முடிவு செய்தாள். இவளை விடுவதில்லை.

காத்திருந்தாள். இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. பெருநாளைக்குப் போனாள், வந்தாள், ஷமாவின் பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். மறந்துவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அப்புறம் வந்தது மகளிர் மன்றத்தின் ஆண்டு விழா. டவுன்ஷிப்பில் ஷமாவின் குடியிருப்பில் இருந்த பெண்கள் சேர்ந்து நடத்தும் மன்றம். தலைவி ரெஜினா டீச்சர், ஷமாவின் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். 'சமையல் அரசி' என்று பட்டம் கொடுத்து, மேடையிலேயே பிரியாணி சமைக்க வைத்து, எல்லாருக்கும் பரிமாறுவதாக ஏற்பாடு. ருசி பார்த்துச் சொல்ல கலியமூர்த்தி வருகிறார். தொழிலாளர் கேன்டீனில் முப்பது வருடம் உலை வைத்து ரிட்டையரான மனிதர்.

விழா அன்று காலை ஷமா ஸ்கூட்டியில் மந்தாரக்குப்பம் வந்தாள். வந்தவள் கேட்டதைக் கேளுங்கள்.

"அக்கா, அப்ஹாலேர்ந்து கொண்டாந்தீங்களே பெரிய தேக்சா, அது இன்னிக்கு ஒரு நாள் வேணும். எங்கிட்ட அவ்ளோ பெரிய சட்டி இல்ல."

என்ன நெஞ்சழுத்தம்! எழுத்தைத் திருடியது போதாதென்று சட்டியும் வேண்டுமாம். ஃபௌசியா பரணிலிருந்து தேக்சாவை இறக்கி, துடைத்து, மூடியோடு எடுத்துக் கொடுத்தாள். ஷமா வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். முகத்தில் லேசான கலக்கம். இருபது டம்ளர் அரிசி, வாழ்க்கையில் முதல் தடவை.

"அந்த அளவு சரிதானேக்கா? ஒண்ணுக்கு ரெண்டே முக்கா?"

இதுதான் நேரம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே இருந்த ஜியாவுதீன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஃபௌசியாவின் மனசில் ரைஹானின் முதுகும் டிவி வெளிச்சமும் அந்த ஆறிப்போன டீயும் வந்து நின்றன.

"அளவெல்லாம் சரிதான். நானே அளந்து அளந்து எழுதினது. ஒரு பொட்டு மாத்தாம அப்படியே பண்ணு" என்றாள்.

ஸ்கூட்டிச் சத்தம் மறைந்ததும் ஜியாவுதீன், "ஃபௌசி, வேணாம்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. நான் பொய் சொன்னனா? எழுதினது நான்தானே?"

சாயங்காலம் ஃபௌசியா முதல் வரிசையில், நல்ல புடவை கட்டி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஷமா கையில் கறிக்குழம்பு மாதிரி சிவந்த மருதாணி. வீட்டிலேயே ஒன்பது விசில் விட்டுக் கொண்டுவந்த கறியைக் கொட்டினாள். எலும்பு தனியாக, நார் தனியாக விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. தண்ணீரை எண்ணி எண்ணி ஊற்றினாள். ஓரமாக நின்ற கலியமூர்த்தி மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"தண்ணி எத்தினிம்மா?"

"ஒண்ணுக்கு ரெண்டே முக்காங்க."

"அம்மாடி!" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே ஓரத்துக்குப் போனார்.

மைக்கைப் பிடித்து ஷமா மனப்பாடமாகச் சொன்னாள். "தம் போடும்போது ஜன்னலைச் சாத்திக்கணும், பனி உள்ள வந்தா பானை ஆறிடும்." ஹாலில் மின்விசிறி போதாமல் விழா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஐம்பது நிமிடம் கழித்து மூடி திறந்தது. வாசனை அருமைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஷமா கரண்டியை விட்டாள். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. கிளறினாள், அள்ளினாள், தட்டில் தட்டினாள். உருண்டையாக விழுந்தது. வரிசையில் தட்டோடு நின்ற குழந்தை ஒன்று, "அம்மா, பொங்கலா?" என்று கேட்டது. ஹால் முழுக்கச் சிரிப்பு.

கலியமூர்த்தி விரலால் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தார். "மசாலா நல்ல கை. ஆனா இது பிரியாணி இல்லம்மா. இந்த அளவுல எந்தச் சீரகச் சம்பாவும் நிக்காது. எத்தினி வாட்டி பண்ணியிருப்ப நீ? ஒரு வாட்டி பண்ணவங்ககூட இவ்ளோ தண்ணி ஊத்த மாட்டாங்களே!"

ரெஜினா டீச்சர் மைக்கோடு ஓடி வந்தார். "ஷமா, என்னம்மா ஆச்சு? நீதானே எழுதின? நான்கூட ரெண்டு தடவை செஞ்சு குழைஞ்சு போச்சு. நான் என் அரிசியைத் திட்டிக்கினு இருந்தேன்."

ஷமாவின் முகம் வெளிறிப்போனது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானத்தைத் தன் தலையிலிருந்து இறக்கினால் போதும் என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "அளவு தப்புன்னா அது என் தப்பில்லங்க! இதோ முன்னாடி உக்காந்துக்கினு இருக்காங்களே, எங்க அக்கா, அவங்க எழுதினது. நான் ஒரு பொட்டு மாத்தல!"

மைக் ரெஜினா டீச்சர் கையில் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"இந்த பிரியாணியா?" என்றார் டீச்சர்.

"எல்லாமேதான்! நூத்திப் பன்னெண்டும் அவங்க எழுதினதுதான்!" சொல்லி முடித்த பிறகுதான் ஷமாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன ஆகிறது?

ஃபௌசியா எழுந்தாள். அவசரப்படவில்லை. மேடையேறி மைக்கை வாங்கினாள். "ஆமாங்க, நான்தான் எழுதினேன். ஏழாயிரம் அடி மலை மேல உக்காந்து எழுதினது. அங்க இந்த அளவுக்குப் பூ மாதிரி வரும். இங்க ஒண்ணுக்கு ஒண்ணேமுக்காதான். சமைச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நம்மூர்ல மலைன்னா மைன்ஸ் மண்மேடுதாம்மா இருக்கு" என்றார் கலியமூர்த்தி. "அதும்மேல ஏறிப் பண்ணாலும் குழையத்தான் செய்யும்" என்றாள் ஃபௌசியா. கைத்தட்டல் எழுந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஷமாவைப் பார்க்கப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. கொஞ்சங்கூட இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஷமா பின்பக்கக் குழாயடியில் தேக்சாவோடு உட்கார்ந்திருந்தாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியும்லக்கா? காலைலயே சொல்லியிருக்கலாம்ல? அளவு சரியான்னு கேட்டேனே."

"கேட்ட. சரிதான்னேன். அது யாரு அளவு, எந்த ஊரு அளவுன்னு நீ இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது கேட்டியா?"

ஃபௌசியா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். தேக்சாவில் இறுகிக் கிடந்ததையெல்லாம் அடி வரைக்கும் சுரண்டி, ஷமா கொண்டுவந்திருந்த பெரிய டப்பாவில் அழுத்தி நிரப்பி, மூடியை இறுக்கி அவள் மடியில் வைத்தாள்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போ. ரைஹான் தம்பிக்குச் சுடவச்சுக் குடு. சமையல்ல என்னுது உன்னுது இல்லேன்னாரே, இருக்குன்னு சொல்லு. தேக்சா என்னுது, எழுத்து என்னுது. இது மட்டும் உன்னுது."