அண்ணன் கழுவிய அஞ்சல் உறை

என் அண்ணனுக்கு ஸ்டாம்பு என்றால் தங்கம். அது ஒட்டியிருக்கும் உறை வெறும் கல். தங்கச் சுரங்கத்து மில்லில் வேலை பார்த்தவர் வேறு எப்படி நினைப்பார்? அங்கே கல்லை இடித்து, கழுவி, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அவரும் அதையே செய்வார். அரிசி களையும் குண்டானில் உறைகளை ஊறப்போட்டு, ராணி தலை போட்ட ஸ்டாம்பை உரித்துத் துணியில் காயவைப்பார். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லைனில் போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னாப்பா, ராணியம்மா குளிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்போது நான் மருந்து கலக்கும் பயிற்சி முடித்துச் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

மில்லை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கும் ஸ்டாம்புப் பைத்தியம் உண்டு. ஒரு சனிக்கிழமை அவர் அண்ணனிடம் ஓர் உறையைக் கொடுத்தனுப்பினார். அமெரிக்காவில் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய், தனி அரசாங்கம் வைத்துச் சண்டை போட்ட காலத்தில், துரையின் தாய்மாமன் அங்கே இருந்தபோது எழுதியது. அந்த அரசாங்கம் தோற்றது; அதன் ஸ்டாம்பும் செல்லாமல் போயிற்று. போரில் காகிதத்துக்குப் பஞ்சம். அதனால் சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளை மடித்து உறை செய்திருந்தார்கள். வெளியே வெறும் தாள், உள்ளே ரோஜாப்பூ. திங்கட்கிழமை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொன்று தருவதாகத் துரை சொன்னாராம். அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை நான் டூட்டி முடிந்து வந்தபோது, தாடிக்காரர் படம் போட்ட நீல ஸ்டாம்பு துணியில் காய்ந்துகொண்டிருந்தது. உறை அடுப்புப் பக்கம் ஈரமாகச் சுருண்டு கிடந்தது.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கே?"

"அழுக்கா இருந்திச்சு. தொரைக்குச் சுத்தம் பண்ணிக் குடுக்கலாம்னு. பாரு, எப்பிடிப் பளபளன்னு கீது!"

"உறை?"

"அதுல இன்னா கீது? வெறும் காகிதம்."

"உங்க மில்லு கழிவுமண்ண இப்போ இன்னாத்துக்கு மறுபடியும் சயனைடு தொட்டியில போடுறாங்க?"

"அதுல இன்னும் தங்கம்…" என்று ஆரம்பித்தவர் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுருண்டிருந்த உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

சேதத்தை வரிசையாகப் பார்த்தேன். முகவரியின் மை பரவியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. பூக்கள் தப்பித்திருந்தன. தபால் முத்திரைதான் பாதி ஸ்டாம்பிலும் பாதி உறையிலுமாகப் பிரிந்துவிட்டது. உறையை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே விரித்து, வீட்டிலேயே கனமான பொருளான வேதாகமத்தை மேலே வைத்தேன். காய்ந்ததும், மருந்துப் புட்டிக்குச் சீட்டு ஒட்டும் கோந்தைத் தொட்டு, முத்திரையின் இரண்டு பாதிகளும் சேர்ந்து வட்டமாகும்படி ஸ்டாம்பை வைத்தேன்.

"கோணலா கீதே! நேரா ஒட்டும்மா," என்று அண்ணன் கெஞ்சினார்.

"தொரையோட மாமா கோணலாத்தான் ஒட்டியிருக்காரு. அவருக்கும் நீ வேலை சொல்லித் தராதே."

ஓரத்தில் தண்ணீர்க் கறை மட்டும் போகவில்லை. "நடந்ததச் சொல்லிடுண்ணா," என்றேன். "நீ வந்து சொல்லேன், படிச்சவதானே," என்றார். நான் போகவில்லை.

திங்கட்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கையில் இன்னோர் உறை.

"திட்டினாரா?"

"கறையப் பார்த்ததும் கேட்டாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். உறைய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம், ஒட்டினது யாருன்னாரு."

"இன்னா சொன்னே?"

"நீதான்னேன். இனிமே உறை உனக்குத்தான் வருமாம். குண்டான் பக்கம் போகாம உன் கையில சேக்குறதுதான் என் வேலையாம்."

அந்தப் பெட்டி தீரும்வரை வாரம் தவறாமல் கொண்டுவந்தார். வாசலில் நின்று "தபால்!" என்று கத்தாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. நான் உறையை விரித்துக் காட்டும்போது அவரும் குனிந்து பார்ப்பார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.